கட்டடம் பேசாது, பேட்டா!

ஆம்பூர். தோல் பதனிடும் ஷாப் ஒன்றின் முன்னறை. உள்ளே டிரம் சுற்றுகிற சத்தம். வெளியே லாரியிலிருந்து உப்புத்தோல் இறங்குகிறது. வாசனையைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. பேசினால் வெளியூர் என்று தெரிந்துவிடும். மேசைக்குப் பின்னால் பெரிய பாய். எழுபது வயது. தோலை விரலால் தடவியே விலை சொல்லிவிடுவார். எதிரே கல்லூரி மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி. கையில் மடித்த நான்கு பக்கத் தாள். மாணவர்களே நடத்தும் செய்தித்தாளுக்கு அவள்தான் ஆசிரியர், நிருபர், விநியோகஸ்தர், கடன்காரி.

பெரிய பாய்: வாம்மா, உட்காரு. டீ சொல்றேன். என்ன, கல்யாணப் பத்திரிகையா?

மாணவி: பத்திரிகைதான் பாய், கல்யாணம் இல்ல. எங்க காலேஜ்ல நாங்களே நடத்தற செய்தித்தாள். விளம்பரம் கேட்டு வந்தேன்.

பெரிய பாய்: நல்ல காரியம். எப்பெப்ப வருது?

மாணவி: மாசம் ஒரு தடவைன்னு மேல அச்சடிச்சிருக்கோம்.

பெரிய பாய்: அச்சடிச்சது கிடக்கட்டும். வர்றது?

மாணவி: பாலாத்துல தண்ணி வர்ற மாதிரி.

பெரிய பாய்: ஓ! 2021 நவம்பர்ல வந்துதே, கரை புரண்டு?

மாணவி: அதேதான் பாய். முதல் இதழ் கரை புரண்டு வந்தது. அப்புறம் மூணு இதழ் முழங்கால் அளவு. இப்ப வெறும் மணல்.

பெரிய பாய்: சரி, முழுப் பக்கம் என்ன ரேட்டு?

மாணவி: மூவாயிரம் ரூபா.

பெரிய பாய்: எனக்குச் சதுர அடியில சொல்லு. (தாளை மேசையில் விரித்து, பழக்கப்பட்ட கையால் அளக்கிறார்.) ஒண்ணேகால் சதுர அடி, கொஞ்சம் கூட இருக்கும். அப்போ சதுர அடி ரெண்டாயிரத்துக்கு மேல! பேட்டா, இத்தாலிக்காரன்கூட என் தோலுக்கு இந்த விலை கொடுத்ததில்ல. உன் தாளு ஒரு மழைக்குத் தாங்குமா?

மாணவி: தாங்காது பாய். ஆனா படிச்சவங்க மனசுல நிக்கும்.

பெரிய பாய்: என் தோலு எங்க போகுது தெரியுமா? ஜெர்மனிக்காரன் கால்ல. உங்க காலேஜ் பையன் காலைப் பாரு, ரப்பர் செருப்பு. வாங்கறவன் ஹாம்பர்க்ல, படிக்கறவன் ஆம்பூர்ல. நடுவுல என் காசுக்கு என்ன வேலை? அதுவும் 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரின்னு தலையில வெச்சான் பாரு, அன்னையிலேர்ந்து எங்க ஆபீஸ்ல ஃபேனையே ஒண்ணாம் நம்பர்லதான் சுத்த விடறோம்.

மாணவி: ஆனா பேப்பர்ல உங்க கம்பெனி பேரைப் பார்த்திருக்கேனே?

பெரிய பாய்: அது விளம்பரம் இல்லம்மா, வாழ்த்து. பக்ரீத்துக்கு வாழ்த்து, பொங்கலுக்கு வாழ்த்து, புதுக் கலெக்டர் வந்தா வாழ்த்து. விக்கறதுக்கு இல்ல, வில்லங்கம் வராம இருக்கறதுக்கு. சரி, வேற யாரையும் கேட்கலையா?

மாணவி: ஏறாத படி இல்ல பாய். பிரியாணிக் கடைக்குப் போனேன். “நாலு மணிக்கெல்லாம் டபரா காலியாயிடுது. உன் விளம்பரத்தைப் பார்த்து இன்னும் நாற்பது பேர் வந்தா அவங்களுக்கு நீயா பதில் சொல்லுவே?”ன்னு கேட்டார்.

பெரிய பாய்: நியாயம்தானே.

மாணவி: செல்போன் கடையில ஒத்துக்கிட்டாங்க. ஆனா காசு இல்ல, டெம்பர்ட் கிளாஸ் இருபது தர்றோம்னாங்க. அச்சகத்துல அதைக் கொடுத்துப் பார்த்தேன். அச்சகக்காரர் போன் பட்டன் போன்.

பெரிய பாய்: (சிரித்து) அப்புறம்?

மாணவி: நீட் கோச்சிங் சென்டர். முழுப் பக்கம், முழுக் காசு, அட்வான்ஸ். ஒரே நிபந்தனை, ‘விளம்பரம்’னு மேல போடக் கூடாது. ‘சிறப்புச் செய்தி’ன்னு போடணும். நாங்க யோசிச்சுச் சொல்றோம்னு வந்துட்டோம்.

பெரிய பாய்: இதுல யோசிக்க என்ன இருக்கு? வாங்கிக்க வேண்டியதுதானே! நீ இன்னும் பதப்படலம்மா. சரி, காலேஜ் தராதா? மேகசின் ஃபீஸ்னு உங்ககிட்ட வாங்கறாங்களே, என் பேரனுக்கே கட்டியிருக்கேன்.

மாணவி: அந்தக் காசுலதான் வருஷக் கடைசியில ஆண்டு மலர் வரும். முதல் பக்கம் நிறுவனர். ரெண்டாம் பக்கம் தாளாளர். மூணாவது முதல்வர். நாலுலேர்ந்து அவங்க மூணு பேரும் சேர்ந்து விளக்கேத்தற படம். நடுவுல மாணவர் பக்கம்: அம்மாவைப் பத்திக் கவிதை பதினாலு, நட்பைப் பத்தி ஒன்பது, மழையைப் பத்தி ஆறு. ஆஸ்டல்ல தண்ணி வராததைப் பத்தி ஒண்ணுகூட இல்ல.

பெரிய பாய்: மழைக் கவிதை ஆறு இருக்கே, அப்புறம் தண்ணிக்கு என்ன? வேலூரைப் பத்திச் சொல்லுவாங்களே: தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்.

மாணவி: சாமிதான் 1981-ல கோயிலுக்குத் திரும்பி வந்துடுச்சே பாய்.

பெரிய பாய்: அதான் சொல்றேன், வரிசையில ஒரு இடம் காலி. செய்தி இல்லாத பத்திரிகையை அங்க வை. பெருமையா இருக்கும், செலவும் நிர்வாகத்தோடது.

மாணவி: அமெரிக்காவுல ஒரு பல்கலைக்கழகம் அதைத்தான் செஞ்சது பாய். இண்டியானா. அங்க மாணவர் பத்திரிகைக்கு நூறு வருஷத்துக்கு மேல வயசு. 2025 அக்டோபர்ல நிர்வாகம் ஒரு உத்தரவு போட்டது: பழைய மாணவர் விழா வருது, அச்சடிக்கற இதழ்ல விழா விவரம் மட்டும் இருக்கட்டும், செய்தி எதுவும் வேண்டாம்னு.

பெரிய பாய்: மாஷா அல்லாஹ்! செய்தித்தாளு, ஆனா செய்தி வேண்டாம். அந்த ஆளு தோல் வியாபாரத்துக்கு வந்திருக்க வேண்டியவன்.

மாணவி: பசங்களுக்கு வழிகாட்டியா இருந்த அலுவலர் மாட்டேன்னார். அவரை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. அச்சையே நிறுத்தினாங்க. காரணம் கேட்டா, சிக்கனமாம்.

பெரிய பாய்: சிக்கனம்னு சொன்னா யாரும் மறுபேச்சுப் பேச முடியாது. நல்ல வார்த்தை.

மாணவி: அப்புறம் கேளுங்க. அதே மாநிலத்துல பர்டியூன்னு இன்னொரு பல்கலைக்கழகம். ரெண்டுக்கும் விளையாட்டுல ஜென்மப் பகை. அங்கத்து மாணவர் பத்திரிகைக்காரங்க இவங்களுக்காகத் தனி இதழ் அச்சடிச்சு, வண்டியில ஏத்திக் கொண்டுவந்து இவங்க வளாகம் முழுக்க வெச்சுட்டுப் போனாங்க.

பெரிய பாய்: அடேயப்பா! வாணியம்பாடிக்காரன் ஆம்பூர்க்காரனுக்குப் பிரியாணி அனுப்பின மாதிரி!

மாணவி: அந்த மாசம் முடியறதுக்குள்ள நிர்வாகம் இறங்கி வந்தது. சரி, உங்க பட்ஜெட்டுக்குள்ள அச்சடிச்சுக்கோங்கன்னு.

பெரிய பாய்: அது அமெரிக்கா. இங்க பகைக்காரன் கொண்டுவந்து வெச்சா வாட்ச்மேன் எடைக்குப் போட்டுடுவான்.

மாணவி: அதனாலதான் பாய் உங்ககிட்ட வந்தேன். இந்தப் பக்கத்துப் படிப்பே தோல் காசுல வளர்ந்ததுன்னு சொல்லுவாங்களே.

பெரிய பாய்: (நிமிர்ந்து உட்கார்கிறார்.) அதைச் சொல்லு! வாணியம்பாடியில 1919-லயே இஸ்லாமியா காலேஜ். மேல்விஷாரத்துல 1965-ல அப்துல் ஹக்கீம் காலேஜ். ஷாப்புக்காரங்க, வியாபாரிங்க கை வைக்காத பள்ளிக்கூடம் இந்தப் பக்கம் உண்டா? நானே ஒரு காலேஜுக்கு மூணு கிளாஸ் ரூம் கட்டிக் கொடுத்திருக்கேன். கல்வெட்டுல வாப்பா பேரு இருக்கு.

மாணவி: மூணு கிளாஸ் ரூம் கட்டின கைக்கு மூவாயிரம் ரூபா பெரிசா பாய்?

பெரிய பாய்: கட்டடம் பேசாது, பேட்டா. கட்டிக் கொடுத்துட்டு வந்தா அது பாட்டுக்கு நிக்கும். நம்ம பேரைச் சுமந்துக்கிட்டு நிக்கும். நாளைக்கு என் வாசல்ல வந்து, “உங்க ஷாப்புல ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியுது?”ன்னு கேட்காது. பேசாத பொருளுக்குத்தான் பெரிய மனுஷன் பணம் கொடுப்பான். உன் பத்திரிகை பேசுமே!

மாணவி: கலிபோர்னியாவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பத்திரிகை 1973-லயே நிர்வாகத்தை விட்டுத் தனிக்குடித்தனம் வந்துடுச்சு பாய். 2022-ல என்னாச்சு தெரியுமா? பல்கலைக்கழகத் தலைவர் பேர் போட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல இருந்த கோளாறை அந்தப் பத்திரிகையில ஒரு முதலாமாண்டுப் பையன் எழுதினான். விசாரணை வந்தது, 2023-ல தலைவர் பதவி விலகினார்.

பெரிய பாய்: பார்த்தியா! இதைச் சொல்லி நீ விளம்பரம் கேட்கறே. பாம்புக்குப் பல்லு நல்லா இருக்கு, பால் ஊத்துங்கன்னு கேட்கற மாதிரி இருக்கு.

மாணவி: சரி பாய், சி.எஸ்.ஆர்.னு கம்பெனிங்க சமூகத்துக்குச் செலவு பண்ற கணக்குல? படிப்புக்குச் செலவு பண்ணலாமே.

பெரிய பாய்: வருஷத்துக்கு அஞ்சு கோடி லாபம் வர்ற கம்பெனி அதுல கட்டாயம் செலவு பண்ணணும். அந்த லாபம் எனக்கு வந்தா உன்கிட்ட எதுக்குப் பேரம் பேசறேன்? நானே ஒரு பத்திரிகை நடத்தி உன்னை வேலைக்கு வெச்சிருப்பேன். ஏம்மா, செலவே இல்லாம நடத்த வழி இல்லையா? அந்தக் காலத்துல கையெழுத்துப் பத்திரிகைன்னு நடத்துவாங்களே.

மாணவி: தெரியும் பாய். திருவாரூர்ல பள்ளிக்கூடம் படிச்ச ஒரு பையன் ‘மாணவ நேசன்’னு கையாலயே எழுதி நடத்தினார். 1942-ல ‘முரசொலி’ன்னு துண்டறிக்கை போட ஆரம்பிச்சார். அஞ்சு தடவை முதலமைச்சர் ஆனார்.

பெரிய பாய்: அப்போ உனக்கு வேண்டியது விளம்பரதாரர் இல்ல. கட்சி.

மாணவி: ஒரு கட்சிக்காரரும் வந்தார். நாலு பக்கத்துல நாலு தலைவர் படம் போட்டா முழுச் செலவும் ஏத்துக்கறேன்னார். செய்தி எங்க போடறதுன்னு கேட்டேன். படத்துக்குக் கீழ ஒரு வரி இருக்கே, அது போதாதான்னார்.

பெரிய பாய்: கையாலயே எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டிடு.

மாணவி: நோட்டீஸ் போர்டுக்குக் கண்ணாடிக் கதவு போட்டிருக்காங்க பாய். கதவுக்குப் பூட்டு. சாவி முதல்வர் அறையில.

பெரிய பாய்: இன்ஸ்டாகிராம்? என் பேத்தி எந்நேரமும் அதுலதான் இருக்கா.

மாணவி: போட்டோம். கேன்டீன் பூனை தயிர் சாதம் சாப்பிடற வீடியோவுக்கு லைக் கொட்டுச்சு. பஸ் பாஸ் செய்திக்குப் பதினேழு. அதுல ஆறு நாங்களே போட்டது. வெப்சைட் தொடங்கிக் கூகுள் விளம்பரமும் வெச்சுப் பார்த்தோம். 100 டாலர் சேர்ந்தாத்தான் அவங்க பணத்தைக் கையில கொடுப்பாங்க. எங்க கணக்குல ஒண்ணரை டாலர் இருக்கு. இந்த வேகத்துல போனா என் பேத்தி ஆசிரியரா இருக்கும்போது முதல் தவணை வரும்.

பெரிய பாய்: நீ ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். செய்தியும் தோலும் ஒண்ணுதான். வரும்போது உப்புத்தோலா வருது. நாத்தம், ரோமம், ஒட்டின சதை எல்லாம் இருக்கும். சுண்ணாம்புல ஊறப் போடணும், ரோமத்தை எடுக்கணும், சதையைச் சீவணும், டிரம்ல போட்டுச் சுத்தணும். கடைசியில மினுமினுன்னு வரும். அதைப் பார்த்தா எந்த மாடுன்னு மாட்டுக்காரனுக்கே தெரியக் கூடாது. அதுக்குப் பேர்தான் பினிஷிங். 1970-கள்லயே அரசாங்கம் சட்டம் போட்டாச்சு: பச்சைத் தோலை வெளிநாட்டுக்கு அனுப்பாதே, பதப்படுத்தி அனுப்பு. நீ மட்டும் இன்னும் பச்சையா வெளிய அனுப்பறே.

மாணவி: எந்த மாடுன்னு தெரியணும் பாய். அதுக்குப் பேர்தான் செய்தி.

பெரிய பாய்: (கொஞ்ச நேரம் அவளைப் பார்க்கிறார். டீ வருகிறது.) குடி. சரி, அச்சுச் செலவு எவ்வளவு?

மாணவி: ஐந்நூறு காப்பிக்கு நாலாயிரம் கேட்கறாங்க பாய். போன இதழ் பாக்கி இல்லாம.

பெரிய பாய்: ஆயிரம் அடிச்சா?

மாணவி: எட்டாயிரம் ஆகும்னு நாங்க கேட்கவே இல்ல.

பெரிய பாய்: இதான் படிச்ச புள்ளைங்க கணக்கு! என் மகன் ஷூ பெட்டிக்கு லேபிள் அடிக்கிறான், எனக்கா தெரியாது? செலவெல்லாம் முதல் காப்பிக்குத்தான். பிளேட்டு, மெஷின் ஏத்தற கூலி, மை. அதுக்கப்புறம் வர்றதுக்கு வெறும் காகிதக் காசு. இரு. (அச்சகத்துக்குப் போன் போடுகிறார். இரண்டே நிமிடம்.) ஆயிரம் காப்பி அஞ்சாயிரம். என் பேரைச் சொல்லு.

மாணவி: பாய், நாலு மாசமா இதை எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை!

பெரிய பாய்: யோசனை எத்தனை வேணும்னாலும் தருவேன். காசுதான் கேட்கக் கூடாது. (தாளைப் புரட்டுகிறார்.) இது என்ன, மூணாம் பக்கம்?

மாணவி: அதுக்கும்தான் பாய் வந்தேன். உப்பு அளக்கற மீட்டர் ஒண்ணு வாங்கினோம், பேனா சைஸ்ல இருக்கும். கையில எடுத்துக்கிட்டு நாலு தெருக் கிணத்துலயும் போர்லயும் வெச்சுப் பார்த்தோம். குடிக்கற தண்ணியில லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும்தான் உப்பும் தாதுவும் இருக்கலாம், வேற வழியே இல்லன்னா 2,000 வரைக்கும்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. நாங்க பார்த்த அளவைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கோம்.

(பெரிய பாய் கட்டத்தைப் படிக்கிறார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படிக்கிறார். எண் மாறவில்லை.)

பெரிய பாய்: இதுல ரெண்டாவது தெரு எங்க தெரு.

மாணவி: ஆமா பாய். உங்க ஷாப் பேரு எதுவும் போடலை. தெரு பேரு மட்டும்தான்.

பெரிய பாய்: அந்தத் தெருவுல வேற யாரு இருக்கா? மசூதியும் நானும். மசூதியா தோல் பதனிடுது?

மாணவி: அதான் உங்க பக்கத்தையும் கேட்டுப் போடணும்னு வந்தேன்.

பெரிய பாய்: இதோ பாரு, எங்களைக் கேட்காத கேள்வி இல்ல. 1996 ஆகஸ்ட் 28. தேதிகூட மறக்கலை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. எங்க ஜில்லா மட்டுமில்ல, திண்டுக்கல், ஈரோடு, திருச்சி, செங்கல்பட்டுப் பக்கத்து ஷாப்புங்களுக்கும் சேர்த்துத் தலைக்கு 10,000 ரூபா அபராதம். அந்த ரசீது இன்னும் பீரோவுல இருக்கு.

மாணவி: “கெடுத்தவனே செலவைக் கொடு”ன்னு அந்தத் தீர்ப்பு சொன்னதை இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரியில பாடமா படிக்கறாங்க பாய். 35,000 ஹெக்டேர் நிலம் கெட்டதுன்னு அதுலயே இருக்கு. 2025 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் மறுபடியும் பாலாத்தைப் பத்திப் பேசியிருக்கு. டெல்லியில பேசலாம், ஆம்பூர்ல மட்டும் பேசக் கூடாதா?

பெரிய பாய்: அதுக்கப்புறம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நாங்க கொட்டின காசு தெரியுமா? தண்ணிய வடிகட்டி, உப்பைத் தனியாப் பிரிச்சு, அதே தண்ணிய மறுபடி டிரம்முக்கே எடுக்கறோம். கரண்ட் பில்லு எவ்வளவு வருது தெரியுமா? கிணத்துல இருக்கறது எங்க அப்பன் காலத்து உப்பா, என் காலத்து உப்பான்னு உன் பேனா மீட்டர் சொல்லுமா?

மாணவி: நல்ல கேள்வி பாய். அப்படியே சொல்லுங்க, உங்க பேர்ல போடறேன்.

பெரிய பாய்: வக்கீலைக் கேட்கணும்.

மாணவி: மறுமொழிக்குக் காசு வாங்கறதில்ல பாய். இலவசம்.

பெரிய பாய்: இலவசமா வர்றதை நான் தொடமாட்டேன். (தாளை மடிக்கிறார். விரலால் மேசையில் தாளம் போடுகிறார். முகம் சட்டென்று தெளிகிறது.) இது எத்தனை காப்பி?

மாணவி: ஐந்நூறு போடறது வழக்கம்.

பெரிய பாய்: காப்பி என்ன விலை?

மாணவி: பத்து ரூபா. யாரும் கொடுக்கறதில்ல.

பெரிய பாய்: நான் கொடுக்கறேன். ஐந்நூறும் எனக்கு. இந்தா, அஞ்சாயிரம். எண்ணிக்கோ.

மாணவி: ஐந்நூறுமா? அவ்வளவு எதுக்கு பாய்?

பெரிய பாய்: தோலை அடுக்கும்போது நடுவுல வைக்கத் தாள் வேணும்மா. உன் தாளு நல்ல கனம். படிப்புக்கு உதவின மாதிரியும் ஆச்சு.

மாணவி: (எண்ணி, ரசீது புத்தகத்தை எடுத்து) என்ன பேர் போடட்டும் பாய்?

பெரிய பாய்: பேர் வேண்டாம். நலம் விரும்பின்னு போடு. கட்டு எங்க இருக்கு? ஆள் அனுப்பி எடுத்துக்கறேன், காலேஜுக்குப் போறதுக்கு முன்னாடி.

மாணவி: கட்டு இல்ல பாய். இன்னும் அச்சாகலை.

பெரிய பாய்: அப்போ இது?

மாணவி: இது ப்ரூஃப். அச்சடிக்கக் காசு இல்லாமத்தானே உங்ககிட்ட வந்தேன்? இப்ப இருக்கு.

(உள்ளே டிரம் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.)

மாணவி: அஞ்சாயிரத்துக்கு ஆயிரம் காப்பி. நீங்கதானே பேசி முடிச்சீங்க. சனிக்கிழமை உங்க ஐந்நூறும் ஆட்டோவுல வாசலுக்கே வந்துடும். மீதி ஐந்நூறு காலேஜுக்கு.

பெரிய பாய்: அந்த மீதி...

மாணவி: அதுவும் பத்து ரூபாதான் பாய். ஆனா நீங்க அதையும் வாங்கினா எங்க கையில இன்னொரு அஞ்சாயிரம் சேரும். பிளேட்டு ஏற்கெனவே இருக்கும். அதுக்கப்புறம் வெறும் காகிதக் காசுன்னு நீங்கதான் சொன்னீங்க.

பெரிய பாய்: (நெற்றியைத் தடவுகிறார்.) நீ முதல்ல கேட்ட விளம்பரம் மூவாயிரம்தானே?

மாணவி: ஆமா பாய். சதுர அடி விலை ஜாஸ்தின்னு சொல்லிட்டீங்க.

பெரிய பாய்: நாப்பது வருஷம் வியாபாரம் பண்ணியிருக்கேன். பார்க்காத சரக்குக்கு முழு அட்வான்ஸ் கொடுத்தது இன்னைக்குத்தான். (சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது.) உங்க காலேஜ்ல என்ன படிக்கறே?

மாணவி: பி.ஏ. தமிழ்.

பெரிய பாய்: பி.காம். பசங்க என்னதான் படிக்கறாங்களோ! ஏய், இன்னொரு டீ கொண்டா. இது ஆறிப்போச்சு. உட்காரும்மா, பேனாவை எடு. வக்கீல் கிடக்கான். அஞ்சாயிரம் கொடுத்துட்டு ஒரு வார்த்தைகூடப் பேசாம விட்டா அது நஷ்டம். கரண்ட் பில்லுலேர்ந்து ஆரம்பிக்கறேன். முதல்ல ஒண்ணு சொல்லு, எனக்கு எத்தனை சதுர அடி தருவே?